செதில் இல்லாத கெண்டை

போன கோடையில் கொடைக்கானலில் தங்கியிருந்தோம். அடுத்த அறை மதுரை அம்மாளிடம் ஒரு கிழவர் மீன் கொண்டுவந்தார். முதுகோரத்திலும் விலாவிலும் ரூபாய்க் காசு அகலத்துக்குப் பளபளவென்று சில செதில்கள். மற்ற இடமெல்லாம் வெறும் தோல்.

"ஐயையோ, சீக்கு மீன்! எடுத்துப் போங்க" என்று அம்மாள் கதவைச் சாத்தப் போனாள். கிழவரின் முகம் தொங்கிவிட்டது. அன்று அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

சீக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அது கண்ணாடிக் கெண்டை. பிறவியிலேயே செதில் குறைவு. (கண்ணுக்கு உவமை சொல்வார்களே, அந்தக் கெண்டை வேறு!) 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த சீமை இனம்; குளிர் ஒத்துக்கொண்டதால் மலை ஏரிகளில் நிலைத்துவிட்டது. வாயோரம் பக்கத்துக்கு இரண்டு மீசை, முதுகில் நீளமான துடுப்பு, பொன்னும் பச்சையும் கலந்த நிறம்: அடையாளம் இவ்வளவுதான். உடம்பு முழுக்கச் செதில் மூடிய வகையும் உண்டு. நோய் கண்ட மீனானால் தோலில் புண்ணோ சிவந்த திட்டோ தெரியும். பழசானால் கண் குழிந்து, செவுள் வெளுத்திருக்கும்.

கிழவர் செவுளைத் தூக்கிக் காட்டினார். செக்கச்செவேலென்று இருந்தது. அம்மாள் அரை மனதாக வாங்கினாள்.

சாயங்காலம் கேட்டேன். "ருசிக்குக் குறைவில்லை, முள்தான் ஜாஸ்தி" என்றாள். அதென்னவோ வாஸ்தவம்.