ஷென்ஜென்னில் ஒரு நாவலூர் ஜோடி: அங்கே 'மாமா' என்றால் அம்மா!

சீனாவில் குடித்தனம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பாம்பெல்லாம் சாப்பிடறாங்களாமே?" இரண்டாவது, "பெருஞ்சுவர் பார்த்தாச்சா?" தெற்குக் கோடியில் ஹாங்காங்கை ஒட்டி இருக்கிற ஊர் ஷென்ஜென். அங்கிருந்து பெருஞ்சுவருக்குப் போவது கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போகிற மாதிரி. நம் ஜோடி இன்னும் பார்க்கவில்லை. அவர்களுடைய சாகசமெல்லாம் காய்கறிக் கடையிலும் லிஃப்ட்டிலும்தான்.

நாவலூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தவர்கள். அண்ணன் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். அக்கா ஓ.எம்.ஆர் ஐ.டி கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை பார்த்தவர். கல்யாணமாகி எட்டாவது மாதம் அண்ணனுக்கு ஷென்ஜென்னில் வேலை கிடைத்தது. "பேரு மட்டும் போட்டுடாதடா" என்ற கண்டிஷனோடு அக்கா பேசினார்.

போன் பேசுவதே தனிக் கதை

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், இன்ஸ்டா எதுவும் சீனாவில் திறக்காது. அங்கே பேச, பணம் கட்ட, டாக்ஸி கூப்பிட என எல்லாவற்றுக்கும் வீசாட்தான். சரி, நாவலூரில் அம்மா போனிலும் வீசாட்டைப் போட்டுக் கொடுக்கலாம் என்றால், 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்தால் வாட்ஸ்அப் வேலை செய்கிறது. ஆனால் டேட்டா காசு எகிறும். அதனால் வீடியோ கால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மா வேலையெல்லாம் முடித்து இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு 12.

எட்டா, ரெண்டா?

முதல் வாரம். தக்காளிக்குப் பக்கத்தில் 5 என்று எழுதியிருந்தது. கிலோ 5 யுவான் என்று நினைத்து அக்கா காசு கட்டினால், தராசில் அரைக் கிலோதான் நின்றது. "ஏமாத்தறாங்கன்னு தமிழ்லயே சண்டை போட்டேன்" என்றார். சீனச் சந்தையில் விலை கிலோவுக்கு இல்லை, 'ஜின்' கணக்கு. ஒரு ஜின் என்றால் 500 கிராம்.

அடுத்து விரல் கணக்கு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கடைக்காரம்மா நீட்ட, அக்கா க்யூஆர் ஸ்கேன் பண்ணி 2 யுவான் போட்டார். அந்தம்மா தலையை ஆட்டி மறுபடியும் அதே இரண்டு விரல். அங்கே அதற்கு எட்டு என்று அர்த்தம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் நமக்கு 'போன் பண்ணு'. அவர்களுக்கு ஆறு.

எட்டு என்றதும் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. 'நாலு' என்ற சீனச் சொல்லின் ஓசை 'சாவு' என்ற சொல்லோடு ஒட்டி வரும். அதனால் அவர்கள் பில்டிங் லிஃப்ட்டில் 4, 14 பட்டன்களே கிடையாது. எட்டு மகா ராசி. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸே 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்குத் தொடங்கியது. புரோக்கர் பெருமையாகக் காட்டிய வீடு எட்டாவது மாடி, எட்டாம் நம்பர். இங்கே மாமியார், "எட்டு சனியோட நம்பராச்சேம்மா!" என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

சூப் கேட்டால் சர்க்கரை

மாண்டரினில் ஒரே சொல்லை நான்கு ஏற்ற இறக்கத்தில் சொல்லலாம். நான்குக்கும் நான்கு அர்த்தம். 'தாங்' என்பதைச் சமமாக இழுத்தால் சூப், கேள்வி கேட்கிற மாதிரி மேலே ஏற்றினால் சர்க்கரை. 'மாய்' என்பதைத் தாழ்த்தி ஏற்றினால் வாங்குவது, வெடுக்கென்று இறக்கினால் விற்பது. அக்கா சூப் கேட்டு சர்க்கரைப் பொட்டலத்தோடு உட்கார்ந்ததும் நடந்தது.

ஆனால் சில சொற்கள் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து நிற்கும். 'நீ' என்றால் அங்கேயும் நீதான். மரியாதையாகச் சொல்ல 'நின்', நம் 'நீங்க' மாதிரி. ஆன்ட்டிக்கு 'ஆயி'. எல்லாம் தற்செயல்தான். லிஃப்ட்டில் ஒரு குழந்தை தன் அம்மாவின் கையைப் பிடித்து "மாமா, மாமா" என்று கூப்பிட, இவர்கள் இருவரும் திரும்பித் திரும்பித் தேடினார்களாம். சீனத்தில் 'மாமா' என்றால் அம்மா.

விசாவில் எழுதாத தனிமை

இதெல்லாம் இப்போது சிரிப்பு. முதல் மூன்று மாதம் அப்படி இல்லை. அண்ணனுடையது இசட் விசா, வேலைக்கு. அக்காவுடையது எஸ்-1, கூட இருக்க. அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. "இங்க நாலு பேர் டீமைப் பார்த்துட்டு இருந்தவ நான். அங்க ஒருநாள் முழுக்க நான் பேசினது லிஃப்ட்ல சொன்ன ஒரு 'நீ ஹாவ்' மட்டும். தண்ணி கேன் சொல்லக்கூட அவர் வரணும்" என்றார். இரவு ஒன்பதுக்கு வரும் அண்ணனோடு தினமும் சண்டை. ஊர் திரும்ப டிக்கெட் பார்க்கிற வரை போய்விட்டது.

அப்போது இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டுக் காரியத்துக்கு அக்கா சார்பாக அண்ணன் பேசவே கூடாது. தப்போ சரியோ, அக்காவே பேச வேண்டும். காலையில் மாண்டரின் வகுப்பு, வகுப்பு முடிந்ததும் அதே காய்கறிக் கடையில் பரீட்சை. பாகற்காய், பீர்க்கங்காய், தண்டுக்கீரை என்று நம் காய்களே நிறைய இருந்ததால் பேச்சு வளர்ந்தது.

கடை ஆயியும் வெளியூர்தான், ஹூனான் மாகாணம். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்த பிறகு பிழைக்க வந்தவர்களால் வளர்ந்த ஊர் ஷென்ஜென். ஐ.டி வந்த பிறகு நம் நாவலூர் மாறிய மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிதாக. மாலையில் பூங்காவில் பெண்கள் கூட்டமாக ஆடும் நடனத்துக்கு ஆயிதான் அக்காவை இழுத்துப் போனார். நாலாவது மாதம் அக்காவே போன் போட்டுத் தண்ணி கேன் சொன்னார். கேன் வந்தது. "ஆஃபர் லெட்டர் வந்தப்பகூட அவ்ளோ சந்தோஷமில்லை" என்றார். இப்போது ஹெச்.எஸ்.கே என்ற சீன மொழித் தேர்வுக்குப் படிக்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை, தேடுகிறார்.

கிளம்பப் போகிறவர்களுக்கு

* திருமணத்தைப் பதிவு செய்து, சான்றிதழுக்குத் தேவையான சான்றொப்பம் வாங்குங்கள். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

* வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு. 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம்.

* சைவம் என்றால் 'வோ ச்சர் சூ' என்று சொல்லிப் பழகுங்கள். காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ சிப்பி சாஸோ இருக்கலாம்.

* கூடப் போகிறவர் இங்கேயே அடிப்படை மாண்டரின் படிக்கத் தொடங்கிவிடுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஆபீஸில் மொழிபெயர்க்க யாராவது இருப்பார்கள். வீட்டில் இருப்பவருக்குத்தான் மொழி முதலில் வேண்டும்.