மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

‘மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். நானோ திருப்பதி மொட்டைத் தலைக்கும் மெல்போர்ன் பள்ளிக்கூடத்துத் தொப்பிக்கும் இங்கே முடிச்சுப் போடப் போகிறேன். யாருக்கும் குல்லா போடும் எண்ணம் எனக்கில்லை. பட்டதைச் சொல்லி, விடுமுறைக்கு ஊர் போகும் நம் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதே நோக்கம்.

எங்கள் சொந்த ஊர் சித்தூர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது. அங்கிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம் போதும். 2022 முதல் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் முடி இறக்குவது என்றால் இன்றும் மலைக்குத்தான்.

மகனுக்கு ஏழு வயதில் அப்படி ஒரு வேண்டுதல் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் மாதத்தில் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. ஊரில் அது கோடையின் நடுப்பகுதி என்பது தெரிந்தும், வேறு நாள் அமையாததால் கிளம்பினோம். பெட்டி நிறையச் சாக்லேட், வாசனைத் திரவியம், அத்தை மாமாக்களுக்குத் துணிமணி எல்லாம் இருந்தன. பையனுக்குத் தொப்பி என்று நான் வாங்கி வைத்தது, ஏதோ ஒரு விளையாட்டுக் குழுவின் சின்னம் போட்ட, முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு நைலான் தொப்பி. பின்பக்கம் முழுவதும் வலை. அவன் ஆசைப்பட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

திருமலையில் கல்யாணகட்டாவில் முடி இறக்கி, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. முடியோடு இருந்த தலைக்கு அளவெடுத்து வாங்கிய தொப்பி மொட்டைத் தலையில் நிற்கவில்லை. கண்ணை மறைத்தது, காற்றில் பறந்தது. உள்ளே சந்தனமும் வியர்வையும் கசகசத்தன. பையன் அரைமணி நேரம் போடுவான், அரைமணி நேரம் கழற்றுவான். தரிசனம் முடித்து, பிரசாதம் வாங்கி, கடைகளைப் பார்த்துப் பேருந்து பிடிக்கும்போது பிற்பகல் இரண்டு மணி.

அன்றிரவு சித்தூர் வீட்டில் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தலை செக்கச் செவேல் என்று இருந்தது. காதுமடல் இரண்டிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். வலை இருந்த இடம், வலை இல்லாத இடம் என்று மண்டையில் கோடு பிரித்துக் காட்டியது வெயில். வாந்தியும் எடுத்ததும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டோம். பார்த்த டாக்டர் வெயில் தாக்கியிருக்கிறது என்றார். உடம்பைக் குளிர்வித்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து, விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்லவேளையாக இரண்டு நாளில் தேறினான்.

என் நைனா அதிகம் பேசுகிறவர் இல்லை. “ஏம்பா, அந்தப் பையன் தலையிலே ஒரு துண்டாவது போடக் கூடாதா? நாங்க மாந்தோப்புக்குப் போறப்பத் துண்டு இல்லாம போவோமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே குழந்தை படிக்கும் மெல்போர்ன் பள்ளியில் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தொப்பி இல்லாமல் மைதானத்தில் இறங்கவே முடியாது. ‘தொப்பி இல்லையேல் விளையாட்டும் இல்லை’ என்பது சட்டம். தோல் புற்றுநோயைத் தடுக்க விக்டோரியா மாநிலத்தில் 1981-இல் தொடங்கிய பிரசாரத்தின் பலன் இது. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவை பாடி ஆடிய அந்த விளம்பரத்தை நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு இங்கே தலை வணங்கும் நாம், விமானத்தை விட்டு இறங்கியதும் ஏன் அதை மறந்துவிடுகிறோம்?

இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, ‘நம் கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும்?’ என்ற எண்ணம். கறுத்த தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் பிறந்தது முதல் முடிக்குள் ஒளிந்திருந்த மண்டைத் தோல் வெயிலையே கண்டதில்லை. முடியை எடுத்த அன்றே உச்சி வெயிலில் அதைக் காட்டினால் தாங்குமா? தவிர, வெப்பத் தாக்கு தோலின் நிறம் பார்த்து வருவதில்லை. 2015 மே மாத வெப்ப அலையில் ஆந்திரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெயிலோடு பிறந்து வெயிலோடு வளர்ந்த மக்களுக்கே அந்த நிலை.

திருப்பதி இருப்பது வடக்கே பதின்மூன்றரைப் பாகை அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் அங்கே நேர் தலைக்கு மேலே நிற்கும்; நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டுவிடும். மெல்போர்னில் எந்த நாளிலும் அப்படி நடப்பதில்லை. திருமலை ஏறக்குறைய 2800 அடி உயரத்தில் இருப்பதால் காற்று சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் நம்மை ஏமாற்றுகிறது. உடம்புக்குச் சூடு தெரியாததால் வெயிலும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். சந்தனமும் குளிர்ச்சி தரும். ஆனால் நிழல் தராது. கோயிலைச் சுற்றிய மாடவீதிகளில் பக்தர்களின் கால் சுடாதிருக்க வெள்ளை வண்ணம் பூசுகிறார்கள். தலையைக் காப்பது நம் பொறுப்பு.

இரண்டாவது காரணம் வெட்கம். சொந்த ஊரில் அகலத் தொப்பி வைத்துக்கொண்டு நடந்தால், “என்னப்பா, கலெக்டர் துரை மாதிரி வர்றே?” என்று கேட்டுவிடுவார்களாம்! வெள்ளைக்கார அதிகாரிகள் வைத்திருந்த சோலா தொப்பியின் ஞாபகம் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இன்னும் போகவில்லை போலும். ஆனால் அந்தத் தொப்பியே நம் நாட்டுச் சரக்குதான். ‘சோலா’ என்பது சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, நம் குளங்களில் வளரும் நெட்டிக்கு வடக்கே வழங்கும் பெயர். தஞ்சாவூரில் பொம்மையும் கோபுரமும் செய்கிறார்களே, அதே நெட்டி. எடை இல்லாதது, சூட்டை உள்ளே விடாதது. வெயிலுக்கு எது பொருந்தும் என்று நம் கைவினைஞர்களுக்குத் தெரிந்திருந்தது.

நைனா சொன்ன துண்டும் அப்படித்தான். பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து முண்டாசாகக் கட்டினால், ராயலசீமையின் வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாகித் தலையைக் குளிர வைக்கும். முனையைப் பின்னால் தொங்கவிட்டால் பிடரிக்கும் நிழல். சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் காய் பறிப்பவர்களைப் பாருங்கள். தலை மூடாத ஆளைக் காண்பது அரிது. யாழ்ப்பாணத்து அன்பர்களுக்குப் பனையோலைத் தொப்பியைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. ஓலை இடுக்கில் காற்று புகும், விளிம்பு அகலமாக நிழல் தரும். ஆகவே தொப்பி நம் பண்பாடு இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, எப்படிப்பட்ட தொப்பி நல்லது? பட்டபின் கற்ற பாடத்தைச் சொல்கிறேன்.

விளிம்பு சுற்றிலும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழரை சென்டிமீட்டர், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஐந்து, எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை ஆறு என்று ஆஸ்திரேலியப் புற்றுநோய்க் கழகம் அளவு சொல்கிறது. முன்னால் மட்டும் நீட்டிய தொப்பி காதையும் பிடரியையும் கைவிட்டுவிடும். எனவே அதை அவர்கள் சிபாரிசு செய்வதில்லை.

துணி பருத்தியாகவும், நெசவு நெருக்கமாகவும் இருக்கட்டும். தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அதே வழியில் வெயிலும் வரும். காற்றுக்குப் பக்கவாட்டில் நாலு சிறு துளைகள் போதும். மேல்பக்கம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால் சூட்டைக் குறைவாக வாங்கும். விளிம்பின் அடிப்பக்கம் கருநிறமாக இருந்தால் தரையிலிருந்து எதிரடிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யாது.

அளவு முக்கியம். புருவத்துக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி அளந்து, ஒரு விரல் நுழையும் தளர்ச்சி விட்டு வாங்குங்கள். முடி இறக்கப் போகிறவர்களுக்கு, உள்ளே இழுத்துக் கட்டும் நாடா உள்ள தொப்பியே சரி. குழந்தைத் தொப்பியின் தாடைக் கயிறு, இழுத்தால் கழன்றுவிடுவதாக இருக்கட்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கக் கூடாது அல்லவா?

இன்னொன்று, மடித்துப் பையில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சந்நிதிக்குள் தலையை மூடிக்கொண்டு போவது நம் மரபல்ல. வாசலில் கழற்றி மடித்து வைத்து, வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளலாம். எடுத்துப்போக மறந்தவர்களுக்கு மலையிலேயே மொட்டைத் தலைகளுக்கென்று குல்லா விற்கிறார்கள். அவற்றிலும் சுற்று விளிம்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பருத்தித் துண்டு எங்கும் கிடைக்கும்.

தொப்பி ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நிழலில் இருப்பதும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிப்பதும் அதைவிட அவசியம். வெயிலில் வந்த குழந்தையோ முதியவரோ தலை சுற்றுகிறது என்றாலும், பேச்சுக் குழறினாலும், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக் குளிர்வித்து டாக்டரை நாட வேண்டும்.

வேண்டுதலைக் கோடையில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, ஊரில் பெரியவர்களின் உடல்நிலை என்று நம் நாட்களை நாமா தீர்மானிக்கிறோம்? ஆனால் பெட்டி கட்டுவது நம் கையில் இருக்கிறது. அத்தைக்கு ஒரு வாசனைப் புட்டி குறைந்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஆளுக்கொரு தொப்பி முதலில் பெட்டிக்குள் போகட்டும். ஊரில் உள்ள தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று வாங்கிப் போங்கள்.

பிறகு நாங்கள் இன்னொரு முறை மலைக்குப் போனபோது மகனுக்கு வெளிர் நிறப் பருத்தித் தொப்பி. என் தலையில் நைனா கட்டிவிட்ட ஈரத் துண்டு. சித்தூர் பேருந்து நிலையத்தில் தெரிந்தவர் ஒருவர் என்னைப் பார்த்து, “ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் மாதிரியே இல்லையே!” என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேன். மகன் மட்டும் தாத்தாவின் வெறுந்தலையைப் பார்த்து, தமிழில், “தாத்தா, உங்க துண்டு எங்கே?” என்று கேட்டான். நைனா தோளில் கிடந்ததை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்ட பிறகுதான் பேருந்தில் ஏறினோம்.