ஒரு குவிண்டால் நெல் விலையில் வீட்டுக்குக் காவல்

நெல் அறுத்து, மூட்டை போட்டு, கையில் நாலு காசு புரளும் நேரம்தான் திருடனுக்கும் அறுவடைக் காலம். குருத்துப்பூச்சி வருமோ என்று தினமும் வயலைச் சுற்றிவரும் நாம், வீட்டுக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கடைசியாகச் சோதித்துப் பார்த்தது எப்போது?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே.சுதர்சனம் தன் வீட்டிலேயே கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். காவல் அதிகாரி எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்கள் வரை சென்று அந்தக் கும்பலைப் பிடித்தது. அவர்கள் குறிவைத்தவை பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டி, அக்கம்பக்கம் இல்லாமல் தனித்து நின்ற வீடுகள். லாரியில் வந்து, லாரியிலேயே போய்விட்டார்கள்.

அன்று தனி வீடுகள் இருந்த இடத்தை இன்றைய திருப்பாச்சூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை - திருப்பதி சாலையை ஒட்டிய ஊர். கணவர் காக்களூர் சிட்கோவுக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஷிப்டு வேலைக்குப் போகிறார். மனைவி நூறு நாள் வேலைக்கோ பூப்பறிக்கவோ போகிறார். பிள்ளைகள் பள்ளியில். காலை முதல் மாலை வரை தெருவில் பாதி வீடு பூட்டியே கிடக்கிறது. முன்பு திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார்; இன்று திண்ணையே இல்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே விற்று விட்டுப்போன மனைகளில் சீமைக்கருவேல் ஆள் உயரம் நிற்கிறது.

திருட்டைத் தடுக்க வேண்டும் என்றதும் பலரும் கேமரா விலை கேட்கிறார்கள். என் கருத்து, கேமரா கடைசியில் வாங்க வேண்டிய பொருள். அது திருடனைப் படம் பிடிக்கும், கதவைப் பிடித்துக்கொள்ளாது. பூச்சி மேலாண்மையில் மருந்து கடைசிப் படி. வரப்பைச் சுத்தம் செய்வதும் விளக்குப்பொறி வைப்பதும் முதல் படி. வீட்டுக்கும் அதே வரிசைதான்.

2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழக அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த ஒரு குவிண்டால் பணத்துக்குள் ஒரு சிறிய வீட்டுக்குத் தேவையான காவலை ஏறக்குறைய முடித்துவிடலாம்.

முதலில் கதவு. பூட்டு உடைவதைவிட, பூட்டு மாட்டும் கொண்டி பெயர்ந்து வருவதே அதிகம். அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் கொண்டியை ஒரு கடப்பாரை நெம்பினால் போதும். அதைக் கழற்றிவிட்டு, கதவைத் துளைத்துப் போகும் போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்குங்கள். கொல்லைக் கதவுக்கு உள்ளே குறுக்குக் கட்டை போடுங்கள். நம் பாட்டன்மார் செய்தது. கடப்பாரை, மண்வெட்டி, ஏணி ஆகியவற்றை வெளியே சாய்த்து வைக்காதீர்கள். திருடன் கருவி கொண்டுவருவதில்லை, உங்களுடையதையே எடுத்துக்கொள்கிறான். சாவியைப் பூந்தொட்டியிலும் நிலைப்படி மேலும் வைக்கும் பழக்கத்தையும் இன்றே விடுங்கள்.

அடுத்து வெளிச்சமும் சத்தமும். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் எரியும் சூரிய ஒளி விளக்கு ஒன்று பின்பக்கம் போதும். கதவு திறந்தால் அலறும் காந்த அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். புது ஆள் வந்தால் அவை ஊரைக் கூட்டிவிடும். தெரு நாய்க்குச் சோறு வைத்தால் அதுவும் காவல்தான். வெறிநாய்த் தடுப்பூசி மட்டும் மறக்காதீர்கள்.

மூன்றாவது வேலி. கிளுவைப் போத்துகளை மழைக்காலத்தில் நெருக்கமாக நட்டால் செலவில்லாத உயிர்வேலி. ஆனால் வாசலுக்கும் சன்னலுக்கும் அருகே இடுப்பு உயரத்துக்கு மேல் விடாதீர்கள். அடர்ந்த செடி உங்களைக் காப்பதைவிடத் திருடனை மறைக்கும். கம்பி வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். அதில் சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

இதெல்லாம் இருந்தும் பீரோவில் முப்பது பவுன் இருந்தால் பயன் குறைவு. கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்குக்கே வருகிறது; மொத்தமாக எடுத்து வீட்டில் வைக்க வேண்டியதில்லை. அன்றாடம் போடாத நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் பெட்டகப் பொருள் திருடுபோனால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை ஈடு கிடைக்கும். நகைக்கு அது குறைவுதான். ஆனால் பீரோவுக்கு அந்த அளவு உத்தரவாதம்கூட யாரும் தருவதில்லை. நகை ரசீது, நகைப் படம், மோட்டார் எண் ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்து, பிள்ளைகள் கைப்பேசிக்கும் அனுப்பிவையுங்கள்.

பம்புசெட்டும் வீட்டைச் சேர்ந்ததே. செம்புக் கம்பிக்காகக் கேபிளை அறுப்பவர்கள் உண்டு. கேபிளைக் குழாய்க்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மோட்டார் மேல் உங்கள் பெயரை வெல்டிங்கில் எழுதிவிடுங்கள்; பெயர் எழுதிய மோட்டாரை விற்பது கடினம்.

இதில் காசே தேவைப்படாத பகுதி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கைப்பேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் பக்கத்து வீட்டிலும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். 2005 சம்பவத்துக்குப் பிறகு இந்தி பேசுகிறவரையெல்லாம் சந்தேகிக்கும் மனம் சிலரிடம் ஒட்டிக்கொண்டது. அது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒருவர் பேசும் மொழியைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளூர் நம்பர் பிளேட்டோடு திருடன் கடந்துபோய்விடுவான். வாடகை அறையில் இருக்கும் ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் தெருவில் நடப்பவர்கள். அவர்கள் எண்ணையும் வாங்கி வையுங்கள். தெருவில் கூடுதலாக நாலு கண்.

மீறித் திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். கைரேகை அழியக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தருவது சட்டப்படி கட்டாயம், கேட்டு வாங்குங்கள்.

கிராமங்களில் கூட்டம் நடத்தும் வேளாண் அலுவலர்கள், அறுவடைக்கு முந்தைய கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். விளைந்ததைக் காப்பதும் வேளாண்மைதான். நீங்கள் இன்று மாலை விளக்கு வைத்ததும் ஒரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தக் கதவை நெம்புவது சுலபம் என்று திருடன் கண்ணால் பாருங்கள். நாளைக் காலை அந்தக் கதவுக்கு நாலு போல்ட் வாங்குங்கள்.