122 கோடி ரூபாய் நம்பர் பிளேட்டும், வாசலில் வைத்த ஃபிரிட்ஜும்!

5.5 கோடி திர்ஹாம். அன்றைய மதிப்பில் சுமார் 122 கோடி ரூபாய். இது காரின் விலை இல்லை, காரில் மாட்டும் நம்பர் பிளேட்டின் விலை! 2023 ஏப்ரலில் துபாயில் நடந்த ஏலத்தில், 'பி 7' என்ற எண் இந்தத் தொகைக்குப் போனது. வாங்கியவர் தன் பெயரை வெளியிட விரும்பவில்லை.

'பணத்திமிர்' என்று கமென்ட் போடக் கை துறுதுறுக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஏலமே, பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் 'நூறு கோடி உணவு' திட்டத்துக்குப் பணம் திரட்டத்தான் நடந்தது. அதற்கு முன் இந்த ரெக்கார்டை வைத்திருந்தது அபுதாபியின் '1' என்ற எண். 2008-ல் 5.22 கோடி திர்ஹாமுக்கு ஏலம் போனது. அந்த ஏலப் பணம் விபத்தில் அடிபட்டவர்களின் மறுவாழ்வு மையத்துக்கு என்று சொல்லப்பட்டது.

அப்படியென்றால் இது பகட்டா, தர்மமா? அரபு நாடுகளில் இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம். கொடுப்பது அங்கே கௌரவம். அந்தக் கௌரவத்தை நாலு பேர் பார்க்க வேண்டும்.

தாராள குணத்துக்கு அரபியில் 'கரம்' என்று பெயர். நமக்குக் கை என்று அர்த்தம் தரும் அதே ஒலி. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது! பாலைவனத்தில் வழிதவறி வருபவருக்குக் கூடாரத்தில் இடம் கிடைக்காவிட்டால், உயிர் போய்விடும். இன்று சோறு போடுபவரே நாளை வழிதவறி நிற்கலாம். அதனால்தான், முன்பின் தெரியாதவர் வந்தாலும் மூன்று நாள் வைத்திருந்து உபசரிப்பது வழக்கமானது.

இதற்கு அரபுலகம் காட்டும் உதாரணம் 6-ம் நூற்றாண்டின் ஹாதிம் தாய். நம் ஊரில் கர்ணனைச் சொல்வதுபோல அங்கே ஹாதிமைச் சொல்வார்கள். அவருடைய பேர்பெற்ற குதிரையைப் பரிசாகக் கேட்டுவர ஒரு பேரரசர் தூதரை அனுப்பினாராம். தூதர் வந்த நேரத்தில் வீட்டில் வேறு எதுவும் இல்லை. விருந்து முடிந்த பிறகுதான் தூதர் வந்த விஷயத்தைச் சொன்னார். ஹாதிம் தலைகுனிந்தார். சற்றுமுன் பரிமாறியது அந்தக் குதிரையைத்தான்!

கதை பழசு, பழக்கம் இன்னும் புதுசு. அரபு வீட்டில் 'கஹ்வா' காபியைச் சின்னக் கிண்ணத்தில் அடி மட்டும் நனைகிற மாதிரி ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். லேசாக ஆட்டிக் கொடுத்தால்தான் 'போதும்' என்று அர்த்தம். இது தெரியாமல் ஐந்தாறு கப் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் தவித்த வெளிநாட்டினர் நிறைய இருப்பார்கள். இந்தக் காபி உபசாரத்தை 2015-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது.

காபிக்குச் சரி, கல்யாணத்துக்கு? தட்டு காலியானால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்பதால், பத்துப் பேருக்கு முப்பது பேர் சாப்பாடு சமைப்பார்கள். முழு ஆடு, மலைபோல் சோறு. மிச்சம் குப்பைக்கு. சவுதியில் உணவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று அந்த நாட்டு அரசின் கணக்கே சொல்கிறது.

பெரும் பணக்காரருக்கு இது செலவே இல்லை. மாதச் சம்பளக்காரர் பாடுதான் திண்டாட்டம். அங்கே கல்யாணச் செலவு மாப்பிள்ளை தலையில். பெண்ணுக்கு மஹர், நகை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விருந்து. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைவிட ஒரு படி குறைந்தால் பேச்சு வரும். இங்கே பெண்ணைப் பெற்றவர் படும் பாட்டை, அங்கே மாப்பிள்ளை படுகிறார், கடனோடு. செலவுக்குப் பயந்து உள்ளூர் இளைஞர்கள் வெளிநாட்டுப் பெண்களை மணப்பது அதிகமானதால், ஐக்கிய அரபு அமீரகம் 1992-ல் திருமண நிதியம் என்றே ஒன்றைத் தொடங்கியது. தகுதியுள்ள மாப்பிள்ளைக்கு 70,000 திர்ஹாம் உதவி. கூடவே, ஒரே மேடையில் பல ஜோடிகளுக்குக் கூட்டுத் திருமணங்கள். பணக்கார நாட்டில், கல்யாணத்துக்கு அரசு கைகொடுக்க வேண்டியிருக்கிறது!

இதற்கு நடுவே 2014-ல் ஒரு போட்டோ வைரலானது. சவுதியின் ஹாயில் நகரம். ஹாதிம் தாயின் சொந்த மண். அங்கே ஒருவர் தன் வீட்டு வாசலில் ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்தார். வீட்டில் மிஞ்சிய நல்ல சாப்பாட்டை அக்கம்பக்கத்தினர் அதில் வைக்கலாம். கையேந்தக் கூச்சப்படுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். யார் வைத்தது, யார் எடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. போட்டோவிலும் ஆள் இல்லை, ஃபிரிட்ஜ் மட்டும்தான்.