பதின்வயதினருக்கு எதை வாசிப்பது?

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகள் எழுத்தாளர்களை அழைக்கும். மாத்தளை மாவட்டத்தில் அப்படி மேடையேறுபவர் பத்தாம் தர மாணவருக்கு எதை வாசித்துக் காட்ட வேண்டும்?

பொருளுக்குப் பஞ்சமில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கொலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் ஏராளம். அந்தப் பாதையில்தான் 2023இல், அவர்கள் வந்து 200 ஆண்டுகளானதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மலரன்பன், வடிவேலன் என்று எழுதியோரின் வரிசையும் நீளமானது.

"பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்" என்று மரணத்தையும் சுரண்டலையும் ஒதுக்கிவிட்டு, அறிவுரைக் கதை சொல்வது தவறு. பதினைந்து வயதுத் தோட்டத்துப் பிள்ளைக்கு, தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயன் அறையின் நெருக்கடி புதிதல்ல. தாயின் சம்பளப் பிரச்சினையும் புதிதல்ல.

ஆனாலும் எல்லை வேண்டும். பாலியல் வன்முறையையோ தற்கொலையையோ நுணுக்கமாக விவரிக்கும் பக்கங்கள் பொதுமேடைக்கு உரியவை அல்ல. அதே துயரை அனுபவித்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். எழுந்து போகவும் அதற்கு வழியிருக்காது.

எனவே எழுத்தாளர் முன்கூட்டியே ஆசிரியரிடம் பகுதியைக் காட்டட்டும். பத்து நிமிட வாசிப்பு போதும். மிகுதி நேரம் கேள்விகளுக்கு. அழிவோடு எதிர்ப்பையும் சொல்லும் பகுதியைத் தேர்ந்தெடுக்கட்டும். அதிபர்களே, பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து மாணவரைப் பேசவிடுங்கள்.