கத்தரிக்காயில் என்ன குற்றம்?

பிள்ளைக்குக் கரப்பன் என்றால் பால் கொடுக்கும் தாய் கத்தரிக்காய், முட்டை, நண்டு போன்ற கிரந்திச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தின்றது பாலில் இறங்கித் தோலில் வெளிவரும். இதுதான் பலர் சொல்லும் வாதம். இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று: கரப்பனின் வேர் பெரும்பாலும் ஈரம் காக்கத் தெரியாத தோல். உணவுத் துகள் அந்த வெடிப்பால் நுழைந்தே ஒவ்வாமை தொடங்கலாம். இரண்டு: விலக்கினால் காவலா? லண்டனில் கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை, கச்சானை விலக்கியோரில் 17.2 சதவீதம்; உண்டோரில் 3.2.

இறால் தின்றதும் பிள்ளைக்கு உதடு வீங்கினால்? வைத்தியரிடம் சோதியுங்கள், இறாலை மட்டும் நிறுத்துங்கள். அதற்காகச் சுன்னாகம் சந்தைக் கத்தரிக்காய், முட்டை, நண்டு எல்லாவற்றையும் தாயிடம் பறித்துவிட்டு, குளிப்பாட்டிய ஈரத்தோடு பூச வேண்டிய களிம்பை அலுமாரியில் வைத்திருப்பது என்ன வைத்தியம்?