எத்தீம் பிள்ளைக்கு வரும் உதவித்தொகை: வெட்கம் எதற்கு?

பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் நன்னிமாரும் மாமிமாரும் நம் கோவில்பதாகையிலும் உண்டு. அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள் என்றால், "எத்தீம் பிள்ளையை வைத்துக் காசு வாங்குகிறாள் என்று பேசுவார்களே, ஹஜ்ரத்" எனத் தயங்குகின்றனர். நன்மை குறைந்துவிடுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது.

அந்த அச்சத்திற்கு மார்க்கத்தில் இடமில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த எத்தீம்களுக்கும் செலவிடுவது தர்மமாகுமா எனக் கேட்டனுப்பினார்கள். உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்திற்கு ஒன்று என இரு நற்கூலிகள் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரியில் காண்கிறோம். ஏழைப் பொறுப்பாளர் எத்தீமின் பொருளிலிருந்து நியாயமான அளவு எடுத்துக்கொள்ளவும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இடமளிக்கிறது. வரம்பு மீறுவோருக்கு 10ஆம் வசனத்தின் எச்சரிக்கை கடுமையானது. செலவை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நலம்.

தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த வறிய பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2000 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், வயதுச் சான்று, பிள்ளையின் வங்கிக் கணக்கு வேண்டும். விசாரிக்குமிடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

ஆவடியில் ரயிலேறித் திருவள்ளூர் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டு வேலை செய்யும் நன்னி அந்த நாளுக்கு எங்கே போவார்? ஜமாஅத் ஒருவரை உடன் அனுப்பட்டும். 2000 ரூபாய் போதாத வீட்டிற்கு, ரமலான் வரை காத்திராமல், பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் கொடுக்கட்டும்.